தபாலில் வந்த காளான்கள்

1892-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் லண்டன் நகரத்து வீடு ஒன்றுக்கு ஸ்காட்லாந்திலிருந்து தபாலில் பார்சல்கள் வரத் தொடங்கின. பிரித்தால் உள்ளே காளான்கள்! அனுப்பியவர் பெயர் சார்லஸ் மெக்கின்டாஷ். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் தபால்காரராக இருந்தவர். மைல் கணக்கில் நடந்து கடிதம் கொடுத்த அந்த மனிதர், போகிற வழியில் தென்பட்ட பாசி, பெரணி, காளான் எல்லாவற்றையும் கவனித்துக் கவனித்தே பெரிய இயற்கை அறிஞர் ஆகிவிட்டவர்.

பார்சலை வாங்கிக்கொண்டவர் 26 வயதுப் பெண். பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். நீல நிறச் சட்டை போட்ட பீட்டர் என்ற முயல்குட்டியின் கதையை நீங்கள் படித்திருக்கலாம்; கார்ட்டூனாகவாவது பார்த்திருக்கலாம். அந்த முயலைப் படைத்தவர் இவர்தான். ஆனால் முயல் புத்தகம் பின்னால் வந்தது. அதற்கு முன்பு பல வருடங்கள் இவர் வாட்டர் கலரில் வரைந்து குவித்தது காளான்களைத்தான், அதுவும் நூற்றுக்கணக்கில். அந்தப் படங்களைப் பார்த்து இது இன்ன காளான் என்று பூஞ்சை ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு படத்தால் அப்படிப் பேச முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் காளானைப் பற்றிக் கொஞ்சம். மழை பெய்த மறுநாள் வேலி ஓரத்தில் குடை விரித்து நிற்கிறதே, அது மொத்தக் காளான் இல்லை. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ அப்படித்தான் பூஞ்சைக்கு அந்தக் குடை. மரம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மெல்லிய வெள்ளை இழைகளாக மண்ணிலும் மக்கிய மரத்திலும் அது பரவியிருக்கும். அந்த இழைப் பின்னலுக்கு மைசீலியம் என்று பெயர். ஈரமும் வெப்பமும் சரியாக அமைந்தால் அது குடையை மேலே அனுப்புகிறது. குடையின் வேலை வித்துகளைக் காற்றில் தூவுவது. தூவி முடிந்ததும் குடை அழுகிவிடும்.

இங்கேதான் சிக்கல். ஒரு செடியைத் தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால் நூறு வருடம் ஆனாலும் இலையின் வடிவம் தெரியும். காளானின் எடையிலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்தால் சுருங்கி, நிறம் மாறி, எந்தக் காளான் என்றே தெரியாமல் போகும். இன்னும் அவசரக்காரக் காளான்களும் இருக்கின்றன. ஒரு வகைக் காளான் வித்து முற்றியதும் தன் குடையைத் தானே கரைத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் குடை இருந்த இடத்திலிருந்து கறுப்பு மை சொட்டிக்கொண்டிருக்கும். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த, கதைப் புத்தகங்களில் எல்லாம் வருகிற காளானைப் பார்த்திருப்பீர்கள். பலத்த மழை பெய்தால் அந்த வெள்ளைப் புள்ளிகள் கழுவிக்கொண்டு போய்விடும். சிவப்பும் வெளிறி ஆரஞ்சாகிவிடும். அது நச்சுக் காளான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போட்டோ எடுத்து வைக்கலாமே? பாட்டரின் அப்பா ரூபர்ட்டுக்குப் புகைப்படம் எடுப்பதில் பெரிய ஆர்வம். வீட்டில் கேமரா இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேமராவில் கிடைத்தது கறுப்பு வெள்ளைப் படம். காளானின் நிறம் அதில் வராது. ஆகவே வாடுவதற்குள், நிறம் மாறுவதற்குள், வரைந்துவிட வேண்டும். அதற்குத் தோதான சரக்கு வாட்டர் கலர். சின்னப் பெட்டியில் அடங்கும், தண்ணீர் இருந்தால் போதும், சீக்கிரம் காய்ந்துவிடும்.

வாட்டர் கலர் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? அந்த வில்லைக்குள் இருப்பது முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று, நிறப்பொடி. மண், கனிமம், தாவரம், தொழிற்சாலை ரசாயனம் என எதிலிருந்தும் வந்திருக்கலாம். இன்னொன்று, பிசின். கருவேல மரத்தில் பட்டை கீறிய இடத்தில் பிசின் கசிந்து மணிமணியாக உறைந்திருக்குமே, அந்த இனத்து மரங்களின் பிசின்தான் உலகம் முழுக்க வாட்டர் கலரில் சேர்கிறது. பிசின் தண்ணீரில் கரையும். நிறப்பொடி கரையாது, மிதக்கும். தூரிகையால் தாளில் பூசியதும் தண்ணீர் ஆவியாகிவிட, மிஞ்சிய பிசின் பொடியைத் தாளோடு பிடித்து வைத்துக்கொள்கிறது.

தாளும் சும்மா இருப்பதில்லை. செல்லுலோஸ் இழைகள் பின்னிக்கிடப்பதுதான் தாள். இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுக்கும். இழைகளும் நனைந்தால் பருக்கும். உங்கள் டிராயிங் நோட்டுத் தாள் வாட்டர் கலர் பட்டதும் நெளிந்துபோவது இதனால்தான். நனைந்த இடம் விரிகிறது, நனையாத இடம் அப்படியே இருக்கிறது. தாள் வேறு என்ன செய்யும்? ஓவியர்கள் முதலிலேயே தாள் முழுவதையும் நனைத்து, பலகையில் விளிம்புகளை ஒட்டிக் காயவைத்துவிட்டு, பிறகு வரைவார்கள். அப்போது தாள் அடங்கி இருக்கும்.

இப்போது வெள்ளை நிறத்துக்கு வருவோம். வாட்டர் கலர் மெல்லிய படலம். வெளிச்சம் அந்தப் படலத்துக்குள் நுழைந்து, அடியில் உள்ள வெள்ளைத் தாளில் பட்டு, திரும்பவும் படலத்தின் வழியாகவே நம் கண்ணுக்கு வருகிறது. மஞ்சள் படலம் நீல ஒளியை விழுங்கிவிடும். நீலப் படலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். மஞ்சளைப் பூசிக் காயவிட்டு அதன்மேல் நீலத்தைப் பூசினால் இரண்டிலும் தப்பித்து வருவது பச்சை மட்டும்! பச்சைப் பொடி துளிகூட இல்லாமல் பச்சை இலை வந்துவிடுகிறது. வெள்ளை வேண்டுமா? பூசாமல் விட்டுவிடுங்கள். சிவப்புக் காளானின் வெள்ளைப் புள்ளியை வாட்டர் கலரில் வரைவது என்றால், புள்ளியின் இடத்தைத் தொடாமல் சுற்றிலும் சிவப்பைப் பூசுவதுதான் நேர்வழி. (ஒளி ஊடுருவாத வெள்ளைச் சாயமும் உண்டு. ஓவியர்கள் தேவைப்படும்போது அதையும் எடுப்பார்கள்.) அதாவது தூரிகையைத் தொடுவதற்கு முன்பே புள்ளிகள் எங்கெங்கே, எத்தனை என்று பார்த்து முடித்திருக்க வேண்டும்.

இன்னொரு குறும்பும் வாட்டர் கலரில் உண்டு. நிறைய தண்ணீர் விட்டு ஒரு சொட்டு நிறத்தை வைத்துக் காயவிடுங்கள். ஓரத்தில் அடர்த்தியாக ஒரு கோடு தெரியும், நடுவில் வெளுத்திருக்கும். மேசையில் சிந்திய காபி காய்ந்தாலும் இதே வளையம் வரும். சொட்டின் ஓரம் தாளில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கேதான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்தக் குறையை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது பொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. எத்தனையோ தலைமுறை ஓவியர்கள் கண்ணால் கண்ட விஷயம் இது. இயற்பியலாளர்கள் இதற்குச் சரியான விளக்கம் சொன்னது எப்போது தெரியுமா? 1997-இல்! சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள்.

பாட்டர் தம் காளான்களில் பல இடங்களை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வரைந்தார். தூரிகையில் தண்ணீர் குறைவாக இருந்தால் சொட்டு தேங்காது. தேங்காவிட்டால் ஓரக்கோடும் விழாது. மெல்லிய முனையால் சின்னச் சின்னக் கீற்றுகளாக, ஒன்று காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போகலாம். காளானின் தோலில் உள்ள நார், செதில், வெல்வெட் மென்மை எல்லாம் அப்படித்தான் தாளில் ஏறின. பொறுமைக்காரர்களின் முறை இது.

அந்தப் பொறுமை பாட்டருக்கு எங்கிருந்து வந்தது? அவர் 1866 ஜூலை 28-இல் லண்டனில் பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை, ஆசிரியைகள் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித்தந்தார்கள். கூட விளையாட ஆறு வயது இளைய தம்பி பெர்ட்ரம். கூடவே ஒரு பட்டாளம்: முயல், சுண்டெலி, முள்ளெலி, வௌவால், தவளை, பல்லி, பாம்பு. அக்காவும் தம்பியும் அவற்றை வளர்த்தார்கள், வரைந்தார்கள். செத்துப்போன பிராணி கிடைத்தால் வேகவைத்து எலும்பைத் தனியே எடுத்து, எலும்புக்கூடு எப்படி இருக்கிறது என்று அதையும் வரைந்தார்கள்! கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறதா? முயல் உட்காரும்போது பின்னங்கால் ஏன் அப்படி மடங்குகிறது என்பது எலும்பைப் பார்த்தவருக்குத்தான் விளங்கும்.

கோடைக்காலம் வந்தால் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்குப் போய்விடுவார்கள். டே நதிக்கரையில் டால்கைஸ் என்ற இடத்தில் பெரிய வீடு. சுற்றிலும் காடு. எட்டு, ஒன்பது வயதில் பாட்டர் கம்பளிப்புழுக்களை வரைந்து பக்கத்தில் குறிப்பு எழுதிய நோட்டு ஒன்று இன்னும் பத்திரமாக இருக்கிறது. வளர்ந்தபின் தமக்கென்று ஒரு ரகசிய எழுத்தையே உருவாக்கி அதில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1958-இல்தான், லெஸ்லி லிண்டர் என்பவர் அந்த எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்தார். தம்பியின் நுண்ணோக்கியில் வண்ணத்துப்பூச்சி இறக்கையின் செதில்களையும் சிலந்தியையும் பார்த்து வரைந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே போயும் வரைந்தார்.

காளான்களை அவர் முதலில் வரைந்தது அவற்றின் அழகுக்காக. மெக்கின்டாஷிடம் படங்களைக் காட்டியபோது அந்தத் தபால்காரர் ஒரு யோசனை சொன்னார். குடையின் மேல்பக்கத்தை மட்டும் வரைந்தால் போதாது, காளானை நெடுக்காக வெட்டி உள்ளே இருப்பதையும் வரைய வேண்டும், அடியில் உள்ள செவுள்களைக் காட்ட வேண்டும் என்றார். என்னைக் கேட்டால், பாட்டரின் படங்களை அறிவியல் ஆக்கியது இந்த ஒரு யோசனைதான்.

ஏன் என்று சொல்கிறேன். காளான் குடையைத் திருப்பினால் அடியில் மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரியும். அவைதான் செவுள்கள். அவை காம்பைத் தொடுகின்றனவா, தொடாமல் தள்ளி நிற்கின்றனவா, காம்பின் வழியே கீழே இறங்குகின்றனவா? நெருக்கமாக இருக்கின்றனவா, இடைவெளி விட்டா? காம்பில் வளையம் உண்டா? காம்பின் அடியில் பை உண்டா? உள்ளே கெட்டியா, குழலா? வெட்டிய இடம் நிறம் மாறுகிறதா? மேலே இருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரிகிற இரண்டு காளான்களில் ஒன்று உணவாகவும் மற்றது விஷமாகவும் இருக்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் பிரிக்க முடியும். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றாது. வரைகிறவருக்குத் தோன்றியே தீரும். செவுள் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தூரிகையை எங்கே நிறுத்துவது?

1893 செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் ஊரில் பாட்டர் ஓர் அபூர்வமான காளானை வரைந்தார். குடை முழுக்கச் சாம்பலும் கறுப்பும் கலந்த கம்பளிச் செதில்கள். ஆங்கிலேயர்கள் அதைக் காட்டுக் கிழவன் என்று அழைக்கிறார்கள். வெட்டினால் வெள்ளைச் சதை சிவந்து, பிறகு கறுத்துப்போகும். மறுநாள், செப்டம்பர் 4-ஆம் தேதி, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த, தம் பழைய ஆசிரியையின் மகன் நோயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயலுக்கு ஐந்து வயது. என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதினார். அதுதான் பீட்டர் முயலின் பிறப்பு! ஒரு நாள் காளான், மறுநாள் முயல், இரண்டையும் வரைந்தது ஒரே கை.

காளான்களைத் தொடர்ந்து வரைந்த பாட்டருக்கு அடுத்த கேள்வி வந்தது. செவுளிலிருந்து உதிரும் வித்து என்ன ஆகிறது? வித்துகளை வீட்டிலேயே முளைக்கவைத்து, நுண்ணோக்கியில் 600 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார். வித்திலிருந்து ஒரு நுண்ணிய இழை நீள்வதையும், அது கிளைவிடுவதையும் பார்த்து வரைந்தார். மண்ணுக்குள் இருக்கும் மைசீலியத்தின் முதல் இழை அது.

கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போய் நிபுணர்களிடம் காட்டினார். பூங்காவின் இயக்குநர் அவரைப் பொருட்படுத்தவில்லை. பாட்டரின் உறவினர் ஹென்றி ராஸ்கோ பெரிய வேதியியல் அறிஞர். அவர்தான் ஊக்கம் கொடுத்துக் கட்டுரையாக எழுதச் சொன்னார். 1897 ஏப்ரல் 1-ஆம் தேதி இயற்கை ஆராய்ச்சியாளர்களின் அமைப்பான லண்டன் லின்னியன் சங்கத்தில் அந்தக் கட்டுரை முன்வைக்கப்பட்டது. கியூ பூங்காவின் ஜார்ஜ் மாஸி என்ற பூஞ்சை நிபுணர் அதை எடுத்துச் சென்றார். எழுதிய பாட்டர் அங்கே இல்லை. சங்கத்தின் கூட்டங்களுக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது அன்றைய விதி! இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று கட்டுரையைப் பாட்டர் திரும்ப வாங்கிக்கொண்டார். அது இன்றுவரை கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் நுண்ணோக்கியில் கண் பதித்தவரைத் தம் ஆராய்ச்சியைப் பற்றித் தாமே பேச விடவில்லை என்பது பெரிய அநியாயம். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. லின்னியன் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது 1905-இல். பாட்டர் நடத்தப்பட்ட விதம் சரியில்லை என்று சங்கத்தின் சார்பில் சொல்லப்பட்டது 1997-இல். நூறு வருடம் கழித்து!

பிறகு பாட்டர் நோயலிடமிருந்து அந்தப் பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கி, புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் முதலில் மறுத்ததால் 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-இல் பதிப்பகமே வெளியிட்டது. அந்தப் புத்தகம் கிடைத்தால் பீட்டரை உற்றுப் பாருங்கள். சட்டை போட்டிருக்கிறான், ஆனாலும் உடம்பு அசல் முயல். காது திரும்புகிற கோணம், முதுகின் வளைவு, பின்னங்காலின் மடிப்பு எல்லாம் உயிருள்ள முயலிடமிருந்து எடுத்தவை. பாட்டருடைய கற்பனை இயற்கையைத் தள்ளிவிட்டு ஓடவில்லை; அதனால்தான் ஒரு முயல் சட்டை போட்டு நடந்தாலும் நாம் நம்பிவிடுகிறோம்.

புத்தகங்கள் தந்த பணத்தில் அவர் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் பண்ணைகள் வாங்கி ஆடு வளர்த்தார். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பாதுகாப்பதற்காக தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். காளான் படங்களை ஆம்பிள்சைட் ஊரில் உள்ள ஆர்மிட் நூலகத்துக்குக் கொடுத்தார். 1967-இல் பிரிட்டனின் காட்டுக் காளான்களைப் பற்றி ஒரு பூஞ்சை அறிஞர் எழுதிய நூலில் பாட்டரின் 59 படங்கள் சேர்க்கப்பட்டன. அழகுக்காகச் சேர்த்த படங்கள் இல்லை. காளானை அடையாளம் காட்டுவதற்காகச் சேர்த்தவை.

நீங்களும் ஒரு காளானை வரையலாம். வேலி ஓரத்துக் காளான் வேண்டாம். விஷம் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. பறிக்கவும் கூடாது, ருசிக்கவே கூடாது. கடையில் விற்கிற சிப்பிக்காளான் இரண்டு போதும். முதலில் காம்பை வெட்டிவிட்டு, செவுள்கள் கீழே இருக்கும்படி ஒரு கறுப்புத் தாளின்மேல் வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காளான் புதிதாக இருந்தால், காலையில் மெதுவாக எடுத்துப் பார்க்கும்போது, செவுள்கள் இருந்த வரிசையில் வெளிர்நிறக் கோடுகள் தெரியும். அவை லட்சக்கணக்கான வித்துகள். ஊதிவிடாதீர்கள்; வித்துத் தூள் மூக்குக்குள் போகக் கூடாது.

இன்னொரு காளானைப் பெரியவர்கள் உதவியோடு நெடுக்காக வெட்டுங்கள். பென்சிலால் மெலிதாக வடிவம் போடுங்கள். முதலில் வெளிர்நிறம், காய்ந்தபின் அடர்நிறம். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாதீர்கள். சிப்பிக்காளானின் செவுள்கள் காம்பருகே என்ன செய்கின்றன என்பதை நான் சொல்லப்போவதில்லை, பார்த்து வரையுங்கள். முடித்ததும் படத்தின் கீழே தேதி, காளான் கிடைத்த இடம், அதன் அளவு மூன்றையும் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.